கரையடியில் கொப்புளித்த தண்ணீர்

அந்தத் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. பால் அதிகம் ஊற்றாத டீ.

நான் கொன்றைப்பட்டிக் கண்மாய்க் கரையின் வெளிப்பக்கம், கரை தரையைத் தொடும் இடத்தில், சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். ஐப்பசி மழை மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில், தரையிலிருந்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தண்ணீர் கொப்புளித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நைஸான மண் வளையமாகப் படிந்து, எறும்புப் புற்றின் வாய்போல உயர்ந்திருந்தது.

எனக்கு முன்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் கண்மாய் நிறையத் தண்ணீர். என் முதுகுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், கரையடித் தெரு. வீடுகளில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"கலங்கலாத்தேன் வருதும்மா" என்றார் சோலைமலை. அவர் எங்கள் லஸ்கர். மடையைத் திறக்க, மூட, கரையைப் பார்த்துக்கொள்ள எங்கள் துறை வைத்திருக்கும் ஆளுக்கு அந்தப் பெயர்.

"எனக்கும் கண்ணு இருக்குய்யா" என்று எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்லுவார்.

கல்லும் இல்லை, சிமெண்டும் இல்லை

என் முதல் ஜீப்பைப் பற்றி எழுதிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "நீங்கள் எஞ்சினியர் என்கிறீர்கள், ஆனால் அணை எதுவும் கட்டியதாகத் தெரியவில்லையே?" என்று. கொஞ்சம் குத்தலாகவே இருந்தது. நியாயமான குத்தல்தான்.

அம்மா, நான் அணை எதையும் கட்டவில்லை. யாரோ எந்தக் காலத்திலோ கட்டிய அணைகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மேலூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது சாலையோரம் நீளமாக ஒரு மண்மேடும், அதன்மேல் பனைமரங்களும் தெரியுமே, அதுதான் அணை. நம் பக்கத்தில் கண்மாய் என்கிறோம். கல்லும் இல்லை, சிமெண்டும் இல்லை. மண்ணை வெட்டி, குவித்து, மிதித்து நிறுத்திய கரை.

அதற்கு மூன்றே உறுப்புகள். தண்ணீரைத் தாங்குவது கரை. வயலுக்கு விடுவது மடை. கொள்ளாத தண்ணீரை வெளியே வழிய விடுவது கலுங்கு. கரைக் கோடியில் தாழ்வாகக் கட்டிய கல் சுவர்தான் கலுங்கு. அதன் வழியாக வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும் தண்ணீரை மறுகால் என்பார்கள். கலுங்கு மட்டும் இல்லையென்றால் தண்ணீர் கரையின் தலைமேல் ஏறி வழியும். மண்கரையின் தலைமேல் தண்ணீர் ஏறினால் கதை முடிந்தது.

நான் மதுரை டவுனில் தறி வீட்டில் பிறந்தவள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். எனக்குத் தெரிந்த பெரிய நீர்நிலை வண்டியூர்த் தெப்பக்குளம். நாலு பக்கமும் கல் படிக்கட்டு, அழகாக, அடக்கமாக இருக்கும். வெறும் மண்ணைக் குவித்து ஒரு ஊருக்கு வேண்டிய தண்ணீரை நிறுத்தலாம் என்பதைப் படித்துப் பரீட்சை எழுதி, வேலையும் வாங்கிவிட்டேன். ஆனால் மனசுக்குள் முழுசாக நம்பவில்லை. முதல் வருஷம் ஒவ்வொரு கரையையும் "நீ எப்படி நிற்கிறாய்?" என்றுதான் பார்ப்பேன்.

போகப் போகத்தான் ஒரு கண்மாய் என்னவெல்லாம் செய்கிறது என்று புரிந்தது. நெல்லுக்குத் தண்ணீர் என்று அரசாங்கக் கோப்பில் ஒரு வரி இருக்கும். அது நிறைந்தால் ஊர்க் கிணறுகளில் கயிறு பாதிதான் இறங்கும் என்று எழுதியிருக்காது. மாடு குளிப்பதும், வெள்ளாவித் துணி காய்வதும், கோடையில் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிப்பதும் எழுதியிருக்காது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையும் மயானத்துக்குப் போகிற பாடையும் அந்தக் கரைமேல்தான் போக வேண்டும் என்பதும் இருக்காது.

ஊர்ப் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கொன்றைப்பட்டி மேலே இருக்கிறது. அதன் மறுகால் போய்ச் சேரும் ஊர் நொச்சியேந்தல். இரண்டு ஊருக்கும் இன்றும் பெண் கொடுக்கல் வாங்கல் உண்டு. என்னால் ஏதும் வம்பு வரக் கூடாது.

அடைக்காதே, வடிகட்டு

மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன்.

மண்கரை என்றால் கசியும். கசியாத மண்கரையை நான் பார்த்ததில்லை. கரையடியில் தண்ணீர் தெளிவாகக் கசிந்தால் கவலைப்பட வேண்டாம். கலங்கி வந்தால், அது கரையின் வயிற்றிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. உள்ளே எலி வளை அகலத்துக்கு ஒரு வழி உண்டாகும். அது முயல் வளையாகும். பிறகு கரை அப்படியே உட்கார்ந்துவிடும். அதற்கு இரண்டு நாளும் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம். எவ்வளவு நேரம் என்று சொல்லும் கருவி எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

நான் போவதற்குள் ஊர்க்காரர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். கொப்புளித்த இடத்தில் களிமண்ணைக் கூடை கூடையாகக் கொட்டி, மிதித்து அடைத்திருந்தார்கள். அடைத்த கையோடு தண்ணீர் நாலடி தள்ளிப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முன்னைவிட வேகமாக.

"அடைக்காதீங்க! தண்ணி வரட்டும். மண்ணுதான் வரக் கூடாது" என்று கத்தினேன். எல்லோரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கண்மாய் ஓட்டையாகி இருக்கும்போது அடைக்காதே என்று சொல்பவளை வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

நான் சொன்னதைக் கேட்டு முதலில் மண்வெட்டியைக் கீழே போட்டவர் பெரியகருப்பன். அவர் அந்தக் கண்மாய் விவசாயிகள் சங்கத் தலைவர். பேசும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிற ஆள். "அம்மா சொல்றபடி செய்ங்கப்பா" என்று ஒரு சத்தம் போட்டார்.

கோயில் மண்டபம் கட்டக் குவித்திருந்த ஆற்று மணல் வந்தது. சாலை போட யாரோ ஒப்பந்தக்காரர் கொட்டியிருந்த ஜல்லி வந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு அவர் என் அலுவலகத்தில் வந்து கத்தியது தனிக் கதை. கொப்புளிக்கும் இடத்தின்மேல் முதலில் மணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. சுற்றிலும் மணல் மூட்டைகளை இடுப்பு உயரத்துக்கு வளையமாக அடுக்கச் சொன்னேன். நம் வீட்டு டீ வடிகட்டி செய்கிற வேலைதான். தண்ணீர் வெளியே வரும், மண் உள்ளேயே தங்கும்.

கரையடித் தெரு ஆட்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னேன். மழை லீவு விட்டிருந்ததால் பள்ளிக்கூடம் காலியாக இருந்தது. ரேஷன் அரிசி மூட்டை, டிவி, ஆட்டுக்குட்டி, அரைகுறையாக வெந்த சோற்றுப் பானை என்று ஒவ்வொன்றாகப் போயின. ஒரு அம்மா அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டும் போட்டார். வெள்ளம் வந்தால் பூட்டு என்ன செய்யும்? ஆனாலும் அந்தச் சாவியை அவர் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். நிறம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் தெளியவில்லை. உள்ளே தண்ணீர் இந்த உயரத்தில் நின்று அழுத்திக்கொண்டிருக்கும்வரை தெளியாது. கண்மாய் மட்டம் உடனே ஓர் அடியாவது இறங்கியாக வேண்டும். மடை வழியாக அவ்வளவும் வடிய நாள் கணக்காகும்.

"கலுங்கு எம்புட்டு போகுது?" என்று சோலைமலையைக் கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "கலுங்கு போகலம்மா. பலகை போட்டிருக்கு."

தட்டு வந்தால்தான் தண்ணீர்

இங்கே அந்த இரண்டு ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

கொன்றைப்பட்டிக் கலுங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். மழைக்காலம் ஆரம்பித்ததும் அந்தக் கற்களுக்கு நடுவே பலகைகளைச் செருகி, களிமண்ணும் வைக்கோலும் வைத்துப் பூசிவிடுவார்கள். இதனால் ஒன்றரை அடித் தண்ணீர் கூடுதலாக நிற்கும். விதிப்படி கூடாது. ஆனால் எல்லா ஊரிலும் நடப்பதுதான். நாங்களும் பார்த்தும் பாராததுபோல இருப்போம்.

கண்மாய் நிறைந்ததும் கொன்றைப்பட்டியில் கொட்டு அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டு நொச்சியேந்தல் ஆட்கள் ஒரு தாம்பாளத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, சந்தனம், ஒரு புதுத் துண்டு வைத்து எடுத்து வருவார்கள். கலுங்கில் நின்று, "எங்க ஊருக்குத் தண்ணி கேட்டு வந்திருக்கோம்" என்று சொல்ல வேண்டும். கொன்றைப்பட்டித் தலைவர் தட்டை வாங்கி, குத்துக்கல்லுக்குச் சந்தனம் பூசி, அந்தத் துண்டை எடுத்துக் கேட்டு வந்தவர் தலையில் கட்டிவிடுவார். பிறகு பலகைகளை உருவுவார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து பொங்கல் சாப்பிட்டுக் கலையும். கொட்டு அடித்த ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நானே இரண்டு வருஷம் அந்தப் பொங்கலைச் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் கொட்டு அடித்து இரண்டு நாளாகியும் தட்டு வரவில்லை.

காரணம் ஒரு மாலை. பெரியகருப்பன் மகன் கல்யாணம் ஆவணியில் நடந்தது. பெரியகருப்பன் மனைவி பஞ்சவர்ணம், நொச்சியேந்தலில் பிறந்தவர். அவருடைய தம்பி வேலுச்சாமிதான் நொச்சியேந்தல் தலைவர். அதாவது மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். கல்யாணத்தில் முதல் மாலை தாய்மாமனுக்கு விழ வேண்டும். வந்திருந்த ஏதோ ஒரு கட்சிப் பிரமுகருக்கு முதலில் விழுந்துவிட்டது. வேலுச்சாமி கை நனைக்காமல் எழுந்து போய்விட்டார். ஒரு முழ மல்லிகைக்காக இரண்டு ஊர்த் தண்ணீர் நின்றது.

நான் வேலுச்சாமிக்கு போன் போட்டேன்.

"அம்மா, உங்க மேல எங்களுக்கு மரியாதை இருக்கு. ஆனா என் மாலைக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க எங்க மச்சானை. அவங்க ஊரு வாசல்ல போயித் தட்டேந்தி நிக்க மாட்டோம்."

"இங்க கரை போகப் போகுது, வேலுச்சாமி!"

"அவங்க போட்ட பலகை. அவங்களே எடுக்கட்டும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

நான் எழுதிய ஒரு வரி

கரைமேல் ஓடியே கலுங்குக்குப் போனேன். சேலையில் சேறு, செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கொன்றைப்பட்டி ஆட்கள் முப்பது நாற்பது பேர் அங்கே நின்றார்கள். பலகைகளின் மேல் விளிம்பை அலை நக்கிக்கொண்டிருந்தது. பூசி இறுகிய பலகைகளை உருவப் பத்து ஆள் கடப்பாரையோடு இறங்க வேண்டும். நானும் சோலைமலையும் மட்டும் செய்கிற வேலையில்லை. மேலூரிலிருந்து போலீஸ் வர எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தேன். சாலையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேலதிகாரிக்கு போன் போகவே இல்லை.

"பலகையை எடுங்க" என்றேன்.

பெரியகருப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நீங்க சொல்றது புரியுது. ஆனா தட்டு வராம எடுத்தா, இனி எந்த வருசமும் தட்டு வராது. இன்னைக்கு நாங்களா விட்டது, நாளைக்கு அவுகளுக்குப் பாத்தியதை ஆயிரும். மழை இல்லாத வருசத்துல வந்து கலுங்கையே இடிச்சாலும் நாங்க வாயைத் தொறக்க முடியாது."

"கரை போனா எந்தக் கலுங்குக்கு எவன் தட்டு எடுப்பான்?"

"கரை போகாது" என்றார். அவர் குரலில் திமிர் எதுவும் இல்லை. உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். "கசிவு இருக்கு, அதையும் மணல் போட்டுட்டோம். நீங்கதானம்மா பதினஞ்சு நாளைக்கு முன்னால கரை நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போனீக? நீங்க எழுதினதை நம்பித்தேன் நாங்க பலகையே போட்டோம்."



எழுதினேன். பதிவேட்டில், என் கையெழுத்தில், 'கரை நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினேன். அந்தக் கரை முழுக்க வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. முள்ளில் இறங்கி நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும். அன்று மாலை என் நாத்தனார் வீட்டில் ஒரு விசேஷம், நாலு மணிக்குள் வில்லாபுரம் போய்ச் சேர வேண்டும். ஜீப்பைக் கரை முனையில் நிறுத்தி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு பார்வை பார்த்து, மடியில் வைத்து எழுதிவிட்டேன். இறங்கி நடந்திருந்தால், கரையடியில் யாரோ பட்டுப்போன பனையை வேரோடு தோண்டி எடுத்த பள்ளம் கண்ணில் பட்டிருக்கும். தண்ணீர் கொப்புளித்தது சரியாக அந்தப் பள்ளத்தில்தான். காலையில் முழங்கால் போட்டபோதே எனக்கு அது தெரிந்துவிட்டது.

சோலைமலை என்னைப் பார்த்தார். அன்று ஜீப்பில் அவரும் இருந்தார். "சொல்லாதீங்க" என்று அவர் கண் சொன்னது. சொன்னால் வேலைக்கே உலை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த நேரம்.

"நான் பாக்கலை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். "நான் அன்னைக்கு எறங்கி நடந்து பாக்கலை. ஜீப்பில உக்காந்தே எழுதினேன். அது பொய்க் கையெழுத்து. பனையைத் தோண்டின பள்ளத்தில தண்ணி வருது. இந்தக் கரையை நம்பாதீங்க."

 மழை மட்டும் பலகையில் விழுந்து சத்தம் போட்டது. என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. பெரியகருப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்மாயைப் பார்த்தார். பிறகு கரையடித் தெருவைப் பார்த்தார்.  ஊர் மொத்தமும் பின்னால் நிற்கும்போது, காலங்காலமாக வந்த வழக்கத்தைத் தன் வாயால் முறிக்க அவரால் முடியவில்லை.

பஞ்சவர்ணம்

மணல் மூட்டைக்குச் சாக்கு பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் கூட்டம் எங்களுக்குப் பின்னாலேயே வந்திருந்தது. அதில் பஞ்சவர்ணமும் இருந்தார். நான் பேசியதைக் கேட்டதும் அவர் விறுவிறுவென்று ஊருக்குள் நடந்தார். வீட்டுக்குத்தான் போகிறார், பெட்டி படுக்கையை எடுக்க, என்று நினைத்துக்கொண்டேன்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கையில் ஒரு தாம்பாளத்தோடு வந்தார். தேங்காய், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை, ஒரு கிண்ணத்தில் குழைத்த சந்தனம். துண்டுக்குப் புதுசாக எதுவும் கிடைக்கவில்லைபோல. மகன் கல்யாணத்தில் வந்த மடிப்புக் கலையாத துண்டு ஒன்று. சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நேராகக் கலுங்கில் ஏறி, குத்துக்கல்லுக்குப் பக்கத்தில், தட்டு எடுத்து வருகிறவர்கள் நிற்கும் பக்கத்தில் போய் நின்றார்.

"நொச்சியேந்தல்ல பெறந்தவ நான். எங்க ஊருக்குத் தண்ணி கேட்டு வந்திருக்கேன். குடுப்பீகளா, மாட்டீகளா?"

பெரியகருப்பனுக்குத் திகைப்பு. "ஏத்தா, நீ இந்த ஊருப் பொம்பளைடி."

"தாலி கட்டுனா பெறந்த ஊரு அழிஞ்சு போயிருமா? காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் 'ஓ ஊருக்காரன் சீர் கொண்டாந்தானா'ன்னு என்னையத்தானே கேட்டீக? அப்ப நான் அந்த ஊருன்னா, இப்பவும் நான் அந்த ஊருதேன்."

பெண்கள் கூட்டத்திலிருந்து இன்னொரு அம்மா போய் அவர் பக்கத்தில் நின்றார். "நானும் நொச்சியேந்தல்தேன்." பிறகு ஒரு புதுப்பெண், கழுத்தில் மஞ்சள் கயிறு மங்காமல். பிறகு இன்னும் இருவர். ஐந்தாறு பேர் ஆனதும் அது உண்மையாகவே ஒரு ஊர் தண்ணீர் கேட்டு வந்து நிற்பதுபோல ஆகிவிட்டது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தக் காலையில் கேட்ட முதல் சிரிப்பு.

பெரியகருப்பன் மனைவியின் கையிலிருந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். கல்லுக்குச் சந்தனம் பூசினார். துண்டை எடுத்துக்கொண்டு ஒரு நிமிஷம் தடுமாறினார். "இதை யாருக்குக் கட்டுறது?"

"கேட்டு வந்தவ தலையில கட்டுங்க. வேற எங்க?"

கட்டினார்.  முப்பது வருஷம் குடும்பம் நடத்திய மனைவி தலையில், ஊர் முன்னிலையில், பரிவட்டம். பஞ்சவர்ணம் முகத்தில் வெட்கம் கொஞ்சமும் இல்லை. "நிக்காதீக, எறங்குங்க" என்று இளவட்டங்களை அதட்டினார்.

கடப்பாரைகள் இறங்கின. முதல் பலகை உருவியதும் தண்ணீர் ஒரு மாட்டின் அகலத்துக்குப் பாய்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. அப்புறம் பேச்சுச் சத்தமே கேட்கவில்லை. கலுங்கு முழுவதும் வெள்ளை வெளேரென்று மறுகால் பாய்ந்து, நொச்சியேந்தல் ஓடையில் விழுந்து ஓடியது.

ஒரு கண்ணாடி கிளாஸ்

பிறகு செய்ய எதுவும் இல்லை. கரையடியில் மணல் வளையத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சோலைமலை டீக்கடையில் ஒரு கண்ணாடி கிளாஸ் வாங்கி வந்தார். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை அதில் மொண்டு, தூக்கி வெளிச்சத்தில் பார்ப்போம்.

எங்கள் வீட்டில் பட்டு நூலைச் சாயம் போட்டு அலசும்போது, அலசின தண்ணீர் தெளியும்வரை அப்பா கையை எடுக்க மாட்டார். சின்ன வயசில் அது எனக்குப் பெரிய சலிப்பாக இருக்கும். அன்று அவரைப்போலவே உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றரைக்குத் தண்ணீர் இன்னும் கலங்கலாகவே இருந்தது. பன்னிரண்டுக்கும் அப்படித்தான். ஒரு மணிக்கு மேல் சோலைமலை கிளாஸைத் தூக்கிப் பிடித்தார். அதன் வழியாக அவர் விரல் ரேகை தெரிந்தது.

"அம்மா" என்றார்.   சேற்றில் உட்கார்ந்தபடியே அழுதேன். அவர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சற்று நேரத்தில் கரைமேல் ஒரு பைக் சத்தம். வேலுச்சாமி. ஓடையில் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டுப் பாய்ந்து வந்திருந்தார். நன்றி சொல்ல வரவில்லை; சண்டைக்கு வந்திருந்தார். "எங்களைக் கேக்காம எப்படித் தொறந்தீக? யாரு கேட்டா தண்ணி?"

"நாங் கேட்டேன்" என்றார் பஞ்சவர்ணம். தலையில் துண்டு அப்படியே இருந்தது.

வேலுச்சாமி அக்காவைப் பார்த்தார். தலைத் துண்டைப் பார்த்தார். மணல் மூட்டை வளையத்தையும், பூட்டிக் கிடந்த தெருவையும் பார்த்தார். பைக்கை ஸ்டாண்ட் போட்டார். பெரியகருப்பன் இரண்டடி முன்னால் வந்து, "மாலை வெசயம் தப்புத்தேன் மாப்ள" என்றார். வேலுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுக்காமல் கிடந்த மணல் மூட்டை ஒன்றைத் தோளில் தூக்கினார்.

கரையடித் தெரு

பிற்பகலில் மழை விட்டது. கண்மாய் மட்டம் நன்றாகவே இறங்கியிருந்தது. மேலதிகாரி ஒருவழியாக போனில் கிடைத்தார். நடந்ததைச் சொன்னேன், ஜீப்பில் உட்கார்ந்து எழுதிய கையெழுத்து உள்பட. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "கரை நிக்குதுல்ல? போய் வேலையைப் பாரும்மா" என்றார். விளக்கம் கேட்டு ஓலை பிறகு வந்தது. பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் வருத்தமே இல்லை. அன்று பகல் ஒரு மணிக்கு எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் திரும்பலாமா என்று கேட்டு அனுப்பினார்கள். "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, நானும் சோலைமலையும் கரையின் வடக்குக் கோடிக்குப் போனோம். அங்கிருந்து அடியோரமாக, ஒவ்வொரு அடியாக, தெற்குக் கோடிவரை நடந்தோம். வேலிக்கருவை முள் கையைக் கிழித்தது. சேலை ஓரம் நார் நாராகிவிட்டது. நரிப் பொந்து ஒன்று, பழைய கசிவு இரண்டு பார்த்தோம். கசிவு இரண்டிலும் தண்ணீர் தெளிவாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இறங்கி வந்தபோது கரையடித் தெருவின் முனையில் அந்த அம்மா நின்றிருந்தார், காலையில் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டியவர். பின்னால் மற்றவர்களும் மூட்டை முடிச்சுகளோடு நின்றார்கள். யாரும் வீட்டுக்குள் போகவில்லை.

"அம்மா, அடுப்பு பத்த வைக்கலாமா?" என்று கேட்டார்.

"பத்த வைங்கக்கா" என்றேன். "முழுக்க நடந்து பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.